கழிவில் மலரும் கைவினை

நசுங்கிய வெள்ளிக் கிண்ணத்தை நாம் எறிவதில்லை. உருக்கிக் குங்குமச் சிமிழாக்கிக்கொள்கிறோம். மூணாறில் காகிதக் கழிவுக்கும் அந்த மரியாதை உண்டு. அங்கே தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைப்போர் பெரும்பாலும் நம்மைப்போல் ஊர்விட்டுப் போன தமிழர்களே. அவர்களின் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்காக டாட்டா டீ நிறுவனத்தின் ஆதரவில் 1991இல் தொடங்கியது 'சிருஷ்டி'.

அதன் 'அதுல்யா' பிரிவில் பழைய காகிதத்தை ஊறவைத்து, கூழாக அரைத்து, சல்லடைச் சட்டத்தில் வாரி, அழுத்தி உலர்த்துகிறார்கள். அது வாழ்த்து அட்டையாகவும் பையாகவும் உருவெடுக்கிறது. 'ஆரண்யா' பிரிவிலோ தேயிலைக் கழிவும் யூகலிப்டஸ் இலையும் துணிக்குச் சாயமாகின்றன.

வீட்டு மூலையில் முடங்க நேர்ந்திருக்கக்கூடிய கைகள் இன்று உழைத்துச் சம்பாதிக்கின்றன. மூணாறு செல்வோர் தேயிலையோடு இவர்களின் கைவேலை ஒன்றையும் வாங்கி வாருங்களேன்!