பன்னிரண்டை அடியாகக் கொண்ட முறையில் 1729

எண் வேறு, அதனை எழுதும் முறை வேறு. ஓரெண்ணுக்குச் சிறப்பென்று கூறப்படுவனவற்றுள் எண்ணுக்கே உரியன எவை, எழுதும் முறையால் தோன்றுவன எவை என்பதனை 1729 என்னும் எண்ணைச் சான்றாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

‘பன்னிரண்டு’ என்பது பத்தும் இரண்டும் புணர்ந்த சொல். ‘பத்து’ என்பதன்முன் ‘இரண்டு’ வருங்கால் னகரம் இரட்டுமெனத் தொல்காப்பியர் குற்றியலுகரப் புணரியலில் விதித்தார். சொல் பத்தின்வழிப் பிறந்ததாயினும் அது குறிக்கும் அளவு பத்தைச் சார்ந்ததன்று. அவ்வளவையே அடியாக வைத்தும் எண்களை எழுதலாம். அம்முறையில் இடமதிப்புகள் வலமிருந்து 1, 12, 144, 1728 எனப் பெருகும். பத்துக்கும் பதினொன்றுக்கும் தனிக்குறிகள் வேண்டும். பத்துக்கு நம் பழைய ௰ என்னும் குறியே அமையும். பதினொன்றுக்குப் புதிதாக ஒன்று வகுத்தல் வேண்டும்.

1729 என்பது 1728-உம் ஒன்றும் கூடியது. ஆகலின் அது பன்னிரண்டடி முறையில் [1001] ஆகும். இம்முறையில் எழுதியவற்றைப் பகர அடைப்புள் தருகின்றோம்.

[1001] மாலைமாற்றாக அமைந்துள்ளது. பதின்ம முறையில் அவ்வமைப்பு இல்லை. எனவே இஃது எழுத்தின் இயல்பேயன்றி எண்ணின் இயல்பன்று.

இனி வகுத்தலைக் காண்போம். பன்னிரண்டைப் பதினொன்றால் வகுப்பின் மீதி ஒன்று. ஆதலின் இம்முறையில் இலக்கங்களின் கூட்டுத்தொகையே பதினொன்றுக்குரிய சோதனையாகும். [1001]-இன் கூட்டுத்தொகை 2. 1729-ஐப் பதினொன்றால் வகுப்பினும் மீதி 2. பதின்மூன்றுக்கோ இலக்கங்களை மாறிமாறிக் கூட்டியும் கழித்தும் காணல் வேண்டும். 1−0+0−1 சுழியாதலின் 1729 பதின்மூன்றால் மீதியின்றி வகுபடும்.

அடியெண் எதுவாயினும், அதன் கனத்தோடு ஒன்று கூடிய எண், அடியெண்ணினும் ஒன்று மிக்க எண்ணால் வகுபடும். பத்தின்கண் 1001 = 11 × 91 = 7 × 11 × 13. பன்னிரண்டின்கண் [1001], அதாவது 1729 = 13 × 133 = 7 × 13 × 19. ஒரே எழுத்துவடிவம் இரு வேறு எண்களைக் குறித்து, இரு வேறு பகா எண் தொகுதிகளைத் தருதல் நோக்கத்தக்கது.

எழுத்து மாறினும் மாறாத இயல்புகள் இரண்டு உள. முதலாவது, இரு நேர் முழு எண்களின் கனங்களது கூட்டாக இருவகையால் அமையும் எண்களுள் 1729 மிகச் சிறியது என்பது. இராமானுசன் இதனை இங்கிலாந்தில் ஆர்டியிடம் கூறிய செய்தி யாவரும் அறிந்ததே. இவ்விரு கூட்டுகளையும் 1657-இலேயே பிரெஞ்சு அறிஞர் பிரெனிக்கிள் கண்டிருந்தார். பழந்தமிழ்க் குறியீட்டில் இவ்வெண் ௲௭௱௨௰௯ ஆகும். ௲ பத்தின் கனம். எஞ்சிய ௭௱௨௰௯ ஒன்பதின் கனம். [1001]-இலோ பன்னிரண்டின் கனமும் ஒன்றின் கனமும் விளங்குகின்றன. ஆகவே பத்தடி முறை ஒரு கூட்டினையும் பன்னிரண்டடி முறை மற்றொன்றனையும் வெளிப்படுத்துகின்றன.

இரண்டாவது, 7, 13, 19 என்னும் பகா எண்களினின்று ஒவ்வொன்று குறைப்பின் வரும் 6, 12, 18 ஆகிய மூன்றும் 1728-ஐ, அதாவது [1000]-ஐ, மீதியின்றி வகுக்கும். அதனால் 1729-உடன் பொதுக்காரணி இல்லாத எவ்வெண்ணையும் 1728 முறை தன்னால் பெருக்கி 1729-ஆல் வகுப்பின் மீதி ஒன்றேயாம். பெர்மா கண்டவாறு இது பகா எண்கள் அனைத்திற்கும் உரிய இயல்பு. 1729 பகுபடும் எண்ணாயினும் இதனைப் பெற்றுள்ளது. இத்தகையன கார்மைக்கேல் எண்கள் எனப்படும்.

ஆதலின் ஓரெண்ணின் சிறப்பைக் கூறுவோர் அதனைப் பிறிதோர் அடியில் எழுதிப் பார்த்தல் வேண்டும். அங்கு மறைவது எழுத்தின் இயல்பு. நிலைப்பது எண்ணின் இயல்பு. எனினும் நிலைத்த இயல்பை நம் கண்ணுக்குப் புலப்படுத்துவதும் எழுத்தே என்பதனை 1729 காட்டுகின்றது.