இறங்கும் படியில் முட்டி படும் பாடு

தருமபுரி மாவட்டத்தில் அரூரை அடுத்த தீர்த்தமலையில் தீர்த்தகிரீசுவரரைப் பார்க்கப் படியேறும் பெரியவர்கள் பலரும் சொல்வது ஒன்றுதான்: "ஏறிடலாம், இறங்கும்போதுதான் உயிர் போகுது." முட்டித் தேய்மானம் உள்ளவர்கள் மலையேறலாமா, ஊசி போட்டால் தேய்ந்தது வளருமா என்ற கேள்விகளும் கூடவே வரும்.

இறங்கும்போது வலி கூடுவதற்குக் கணக்கு இருக்கிறது. பெர்லின் ஆய்வாளர்கள் செயற்கை மூட்டுக்குள் விசைமானி வைத்து, அதைப் பொருத்திக்கொண்ட ஐந்து பேரின் அளவுகளை 2010-இல் வெளியிட்டார்கள். சமதரை நடையில் முட்டி தாங்கும் உச்சச் சுமை உடல் எடையைப் போல் சுமார் 2.6 மடங்கு, படியேறினால் 3.2, இறங்கினால் 3.5. அறுபது கிலோ ஆள் இறங்கும் ஒவ்வொரு படியிலும் முட்டிமேல் இருநூறு கிலோ! உடம்பு சரிந்துவிடாமல் தொடைத் தசை இழுத்துப் பிடிக்கிறதே, அந்த இழுவையும் மூட்டின் தலையில்தான் விடிகிறது.

இதைத் தாங்குவது சில மில்லிமீட்டர் குருத்தெலும்பு. அதில் ரத்தக் குழாய் கிடையாது, பெரும்பகுதி தண்ணீர். மரவள்ளி விளையும் இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு ஜவ்வரிசியை வைத்துச் சொன்னால் எளிதில் புரியும். ஜவ்வரிசியை இறுக்கமான வலைப்பையில் அடைத்து ஊறப்போடுங்கள். அது உப்பப் பார்க்கும், வலை விடாது. பை விண்ணென்று நிற்கும். குருத்தெலும்பில் வலை கொலாஜன் இழை, ஜவ்வரிசி புரோட்டியோகிளைக்கான் என்ற மூலக்கூறு. கால் ஊன்றியதும் தண்ணீர் நுண்துளைகள் வழியே சட்டென வெளியேற முடியாது. எனவே சுமையில் பெரும்பங்கைத் தண்ணீரே சுமக்கிறது. மணிக்கணக்கில் நின்றால் அது மெல்லக் கசிந்துவிடும். அழகான விஷயம் இனிமேல்தான். பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகரும்போது, கசிந்த நீர் மறுபடி உள்ளே ஏறுகிறது. அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாட்டுக் குருத்தெலும்பில் இதைக் காட்டி 2017-இல் வெளியிட்டார்கள். அசைவுதான் மூட்டுக்குத் தண்ணீர் இறைக்கிறது.

நோய் தொடங்கும்போது வலையின் இழைகள் அறுகின்றன. ஜவ்வரிசி அளவுக்கு மீறி ஊறிக் குழைகிறது, பிறகு கரைந்து போகிறது. கிழிந்த பைக்குள் புது ஜவ்வரிசியைக் கொட்டி என்ன பயன்?

"ஒரே ஊசியில் குருத்தெலும்பு வளரும்" என்னும் விளம்பரங்களை இந்தக் கேள்வியோடுதான் படிக்க வேண்டும். நம் ரத்தத்திலிருந்தே எடுக்கும் பிளேட்லெட் ஊசியை ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு அந்த ஊசி, மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று தெரியாது. ஓராண்டு கழித்து வலியிலும் சரி, குருத்தெலும்பின் அளவிலும் சரி, குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. 2021-இல் வந்த முடிவு இது. மூட்டுக்குள் குழாய் விட்டுக் கழுவிச் சுரண்டும் சிகிச்சை அதற்கு முன்பே, 2002-இல், ஹூஸ்டனில் தோலை மட்டும் கீறித் தைத்த போலி அறுவையைவிட மேலானதல்ல என்று தெரிந்துவிட்டது.

   

ஆய்வுகளில் நின்று பிடிப்பவை பகட்டில்லாதவை: தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சி, எடைக் குறைப்பு. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டிச் சுமை நான்கு கிலோ குறைகிறது என்று 2005-இல் கணக்கிட்டார்கள். முற்றிய இடுப்பு மூட்டுத் தேய்மானம் வேறு கதை. அங்கே பயிற்சியைவிட மூட்டு மாற்று அறுவையே தெளிவாக மேல் என்று 2024-இல் வெளியான ஆய்வு காட்டியது.

தருமபுரிக்காரர்கள் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இங்கே நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம். அது எலும்பையும் மூட்டையும் தாக்கும். எல்லா முட்டி வலியும் தேய்மானம் அல்ல, முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். தேய்மானம்தான் என்றால், கைப்பிடியோ ஊன்றுகோலோ பிடித்து நின்று நின்று மலையேறலாம். மறுநாளும் வலி அடங்காவிட்டால் தூரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஊசிக்கு நகையை அடகு வைக்கும் முன், 2021-இல் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் உண்டு என்பதை நினைவில் வைத்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.