மண்ணில் மிஞ்சிய நெல்மணிகள்

மண்ணில் எளிதில் மட்கிவிடும் தானியம் அடுப்புத் தீயில் கருகிவிட்டால் பல்லாயிரம் ஆண்டுகள் நிலைக்கக்கூடும் என்பதால், தொல்லியலாளர்கள் பழைய அடுப்படி மண்ணைத் தண்ணீரில் கரைத்து, மிதந்துவரும் கரித்துகள்களை நுண்சல்லடையில் வடித்தெடுக்கிறார்கள். மிதப்பு முறை எனப்படும் இதில் கிடைக்கும் நெல் உமியின் அடிப்பகுதியை நுண்ணோக்கியில் பார்க்கும்போது, காம்பு விட்ட தழும்பு வழவழப்பாக இருந்தால் அது தானே உதிர்ந்த காட்டு நெல் என்றும், பிய்ந்து கரடுமுரடாக இருந்தால் கதிரடித்துப் பிரித்த பயிர் நெல் என்றும் பெரும்பாலும் இனங்காண முடிகிறது.

கருகாமலே தப்பிய நெல்லும் உண்டு. பழனி அருகே பொருந்தலில் ஈமக்குழி ஒன்றில் இருந்த நான்கு கால் சாடிக்குள் ஏறத்தாழ 2 கிலோ நெல் கிடைத்ததும், உயிர்ப்பொருளில் எஞ்சிய கதிரியக்கக் கார்பனை அளந்து அதன் காலம் கி.மு. 490 எனக் கணிக்கப்பட்டதும், தமிழக வேளாண் வரலாற்றுக்குக் கிடைத்த அரும்பேறு என்றே சொல்ல வேண்டும்.

பழங்கால உணவைப் பற்றித் தானியங்கள் மட்டுமல்ல, விலங்கெலும்புகளும் சொல்கின்றன: கீழடி அகழாய்வில் மாடு, எருமை, ஆடு ஆகியவற்றின் எலும்புகளோடு காட்டுப்பன்றியின் எலும்பும் கிடைத்தது. சில எலும்புகளில் உள்ள வெட்டுத்தடங்கள் அவை இறைச்சிக்காக அறுக்கப்பட்டதைக் காட்டுகின்றன.