எண்ணெய்க்குள் முங்கிய கம்ப்யூட்டர்!

புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் நின்றபடியே, கையில் இருக்கும் போனில் உங்கள் நிலத்தின் பட்டா, சிட்டாவை எடுத்துவிடுகிறீர்கள். அந்த வேலையை உங்கள் போன் மட்டும் செய்யவில்லை. தொலைவில் ஒரு தரவு மையத்தில் அடுக்கி வைத்திருக்கும் கம்ப்யூட்டர்களும் சேர்ந்துதான் செய்கின்றன. நம் மாநிலத் தரவு மையத்தை எல்காட் நிறுவனம் நடத்துகிறது.

வெயிலில் கொஞ்ச நேரம் வீடியோ பார்த்தாலே போன் கையைச் சுடுதுல்ல? ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் ராப்பகலாக ஓடினால் எப்படி இருக்கும்! பெரும்பாலான தரவு மையங்கள் குளிர்காற்றை ஊதியே இந்தச் சூட்டை இறக்குகின்றன. அதற்குத் தனியாகக் கரண்ட் வேண்டும். பல இடங்களில் தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விப்பதால் தண்ணீரும் செலவாகிறது. 2019 கோடையில் சென்னை மக்கள் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். 2021-இல் தமிழக அரசு தரவு மையங்களுக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. மையங்கள் பெருகப் பெருக, இந்தக் கரண்ட், தண்ணீர்க் கணக்கும் முக்கியமாகிறது.

இதற்கு ஒரு வழி, கம்ப்யூட்டரை அப்படியே திரவத்துக்குள் முக்கி வைப்பது. "ஷாக் அடிக்காதா?" என்று கேட்பீர்கள். உங்கள் தெரு டிரான்ஸ்பார்மரைப் பாருங்கள். அதன் கம்பிச்சுருள்கள் எண்ணெய்க்குள்தான் மூழ்கிக் கிடக்கின்றன. அந்த எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது, ஆனால் சூட்டை வாங்கிக்கொள்ளும். சூடான எண்ணெய் மேலே ஏறி, வெளிப்பக்கத் தகடுகள் வழியாக ஆறி, திரும்பக் கீழே இறங்கும். மோட்டார் இல்லாமலே இந்தச் சுற்று நடக்கும். குழாய்த் தண்ணீரில் உப்புகள் கரைந்திருப்பதால் அது மின்சாரத்தைக் கடத்திவிடும். இந்த வேலைக்கு ஆகாது.

கம்ப்யூட்டருக்கும் இதே கதைதான். ஒரே அளவு காற்றையும் எண்ணெயையும் எடுத்துக்கொண்டால், எண்ணெய் ஆயிரம் மடங்குக்கு மேல் சூட்டைத் தாங்கும். அதனால் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சின்ன ஃபேன்களே தேவையில்லை. திரவத்தைச் சில்லென்று வைக்கவும் வேண்டாம். அது வெதுவெதுப்பாக இருந்தாலே போதும் என்பதால், வெளிக்காற்றிலேயே ஆறவிடலாம், தண்ணீர் மிச்சம்.

1985-இல் வந்த கிரே-2 சூப்பர் கம்ப்யூட்டரே இப்படித் திரவத்துக்குள் இருந்ததுதான். 2013-இல் ஜப்பானின் டோக்கியோ தொழில்நுட்பக் கழகம் எண்ணெயில் முக்கிய கம்ப்யூட்டர், குறைந்த மின்சாரத்தில் அதிக வேலை செய்யும் சூப்பர் கம்ப்யூட்டர்களின் உலகப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. இன்னொரு வகைத் திரவம் சுமார் 50 டிகிரியிலேயே கொதித்து, ஆவியாகும்போது சூட்டைக் கொண்டுபோய்விடும். 2021-இல் மைக்ரோசாஃப்ட் இதை அமெரிக்காவில் பயன்படுத்திப் பார்த்தது.

அப்புறம் ஏன் எல்லோரும் மாறவில்லை? தொட்டி நிறைய எண்ணெய் என்றால் கனம் தாங்கும் தரை வேண்டும். பழுது பார்க்க எடுத்தால் பாகமெல்லாம் பிசுபிசுக்கும். கொதிக்கும் வகைத் திரவங்கள் பலவற்றில் மண்ணில் எளிதில் மக்காத வேதிப்பொருள் இருக்கிறது. அவற்றைத் தயாரித்துவந்த 3எம் நிறுவனம், 2025 முடிவுக்குள் அந்த வகைப் பொருட்களின் உற்பத்தியையே நிறுத்துவதாக 2022-இல் அறிவித்தது.

இதைப் படித்துவிட்டு போனைச் சமையல் எண்ணெயில் போட்டுப் பார்க்காதீங்க! ஸ்பீக்கர், கேமரா, பேட்டரி எல்லாம் வீணாகிவிடும். தெரு டிரான்ஸ்பார்மரில் எண்ணெய் கசிந்தால் பக்கத்தில் போகாமல், மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள். இந்த எண்ணில் 24 மணி நேரமும் புகார் செய்யலாம்.