குணமாகா நோயும் மருந்தாய்வும்
இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் வாய்ப் புற்றுநோய், வெற்றிலையோடு பாக்கும் புகையிலையும் மெல்லுவதால் பெரிதும் உண்டாவது. அது முற்றிப் பரவியபின் குணமாக்க இயலாதாயினும், வாழ்நாளை நீட்டும் சிகிச்சைக்கு இடமுண்டு. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை, இந்நிலையிலிருந்த தலை, கழுத்துப் புற்றுநோயாளர் 151 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வாய்வழி உட்கொள்ளும் மூன்று மருந்துகளையும், மறு பிரிவினருக்கு அவற்றோடு நிவோலுமாப் என்னும், நோயெதிர்ப்பு அணுக்களின் தடையை நீக்கிப் புற்றைத் தாக்கச் செய்யும் மருந்தை, மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் மட்டும், அதாவது வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, வழங்கியது. 2022இல் வெளியான முடிவின்படி, ஓராண்டின் பின் உயிரோடிருந்தோர் முதற்பிரிவில் 16.3 வீதம், மற்றதில் 43.4 வீதம். விலையுயர்ந்த மருந்தை எட்டமுடியாத நாடுகளுக்கு இது பெரும் பேறு.

எனினும் இத்தகைய ஆய்வில் சேர்வதென்பது, குறித்த நாளில் இரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் தவறாது செல்வதாகும். மஹரகம அபேக்‌ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்கே நூறு கிலோமீற்றருக்கு மேல் பயணிக்க வேண்டிய கனமூலை போன்ற தொலைவூர் நோயாளிக்கு, களைப்பும் வலியும் சூழ்ந்த உடலோடு அது எளிதன்று. ஆகவே, ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடுமுன் பயணச் செலவை யார் ஏற்பார், பக்கவிளைவு நேர்ந்தால் யாரை அழைப்பது என்று கேளுங்கள். எப்போது விலகினாலும் வழக்கமான சிகிச்சையைப் பெறுவது உங்கள் உரிமை.