மழைமேல் பழி போட்டால் போதுமா? விபத்துக் காரணங்களை விளக்கி எழுதுதல்

விபத்தைப் பற்றி விளக்கக் கட்டுரை எழுதச் சொன்னால், நம்ம மாணவர்களில் பலர் காரணத்தை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்: "கனமழையால் மண் சரிந்தது, ரயில் தடம் புரண்டது." இதில் பிழை இல்லை. ஆனால் இது விளக்கமாகாது, செய்தித் தலைப்பு மாதிரிதான் இருக்கும். ஓர் உண்மை நிகழ்வை வைத்துக் காரணத்தை எப்படித் தோண்டுவது என்று பார்ப்போம்.

நடந்தது என்ன?

2020 ஆகஸ்ட் 12, ஸ்காட்லாந்து. காலை 6.38 மணிக்கு அபர்டீனிலிருந்து கிளாஸ்கோ செல்லும் பயணிகள் ரயில் ஸ்டோன்ஹேவனைத் தாண்டி, கார்மோன்ட் என்ற இடத்தில் நிறுத்தப்பட்டது. முன்னால் நிலச்சரிவு. இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்த பின், ரயிலை வடக்கே திருப்பி அனுப்பினார்கள். 9.37 மணியளவில், தண்டவாளத்தில் கிடந்த கல், மண் குவியலில் மோதி அது தடம் புரண்டது. கோவிட் காலம் என்பதால் ரயிலில் 9 பேர்தான் இருந்தார்கள். ஓட்டுநர், நடத்துநர், பயணி ஒருவர் என மூவர் இறந்தனர். மற்ற அறுவரும் காயமடைந்தனர்.

"ஏன்?" என்று மூன்று முறை கேட்போம்

1. கல்லும் மண்ணும் ஏன் தண்டவாளத்துக்கு வந்தன?
அன்று காலை 5.50 முதல் 9.00 மணிக்குள் 51.5 மில்லிமீட்டர் மழை கொட்டியது. சரி, அப்போ மழைதானே காரணம்? பொறுங்கள். மழைநீரை வடிக்கவே அந்தச் சரிவில் 2011-2012இல் கால்வாய் வெட்டிக் குழாய் பதித்துச் சரளைக்கல் நிரப்பியிருந்தார்கள். ஆனால் அதை வரைபடத்தில் உள்ளபடி கட்டவில்லை. வரைபடத்தில் இல்லாத ஒரு மண்கரை, வெள்ளத்தைக் கால்வாயின் ஒரு பகுதிக்கே திருப்பிவிட்டது. வெள்ளம் சரளைக்கல்லை அரித்துக் கீழே தள்ளியது.

2. ரயில் ஏன் வேகமாக வந்தது?
அந்த வட்டாரத்தில் அன்று வேறு இடங்களிலும் மழைச் சேதம். ஆனாலும் வேகத்தைக் குறைக்கச் சொல்லி உத்தரவு இல்லை. ஓட்டுநர் கேட்டபோதும், வழக்கமான வேகத்தில் போகலாம் என்றே பதில் வந்தது. மோதும்போது வேகம் மணிக்குச் சுமார் 117 கிலோமீட்டர். கட்டுப்பாட்டு அறை ஊழியர்களுக்கு வேண்டிய தகவலும் பயிற்சியும் கொடுக்கப்படவில்லை என்று விசாரணை அறிக்கை சொன்னது.

3. பாதிப்பு ஏன் இவ்வளவு பெரிதானது?
அது 1970களில் கட்டப்பட்ட ரயில். புதிய பாதுகாப்புத் தரத்தில் கட்டிய ரயிலாக இருந்திருந்தால், பாதிப்பு குறைந்திருக்க வாய்ப்பு அதிகம் என்றது அறிக்கை.

பிறகு என்ன ஆனது?

2022இல் வெளிவந்த அறிக்கை 20 பரிந்துரைகளை முன்வைத்தது. 2023இல், இருப்புப்பாதையைப் பராமரிக்கும் நெட்வொர்க் ரயில் நிறுவனம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 67 லட்சம் பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. மழைக்கு யாரும் அபராதம் போட முடியாது. மழைமேல் மட்டும் பழி போட்டிருந்தால், கால்வாயைச் சரிபார்க்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றியிருக்காது.

கட்டுரையில் எப்படி எழுதலாம்?

காரணங்களை மூன்றாகப் பிரிக்கச் சொல்லுங்கள்.

• தூண்டிய காரணம்: கனமழை
• அடிப்படைக் காரணம்: கட்டுமானக் குறை, பயிற்சியின்மை
• பாதிப்பைக் கூட்டிய காரணம்: வேகம், பழைய ரயில்

இணைப்புச் சொற்களும் இதற்கேற்ப அமையட்டும். எல்லாவற்றுக்கும் "ஆகவே" போட வேண்டாம்.

"கனமழை பெய்தது உண்மையே. இருப்பினும், வடிகாலை வரைபடத்தின்படி கட்டாததால்தான் கற்கள் அரித்து வரப்பட்டன. அதோடு, வேகக் கட்டுப்பாடும் விதிக்கப்படாததால் விபத்து கடுமையானது."

சொல்லிலும் கவனம் தேவை. ரயிலை முதலில் நிறுத்தியது நிலச்சரிவு. அது மோதியதோ, வடிகாலிலிருந்து வெள்ளம் அரித்து வந்த கல்லும் மண்ணும். இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால், வடிகால் என்ற காரணமே கட்டுரையிலிருந்து காணாமல் போய்விடும்.

வகுப்புப் பயிற்சி

நாளிதழிலிருந்து ஒரு விபத்துச் செய்தியை எடுங்கள். செய்தி சொல்லும் காரணத்தை எழுதி, அதன் கீழே "ஏன்?" என்று மூன்று முறை கேளுங்கள். செய்தியில் விடை இல்லாத கேள்விக்கு நேரே "விசாரிக்கப்பட வேண்டும்" என்று குறியுங்கள். ஊகித்து எழுத வேண்டாம். கிடைத்த விடைகளை மூன்று வகையாகப் பிரித்து, 80 சொற்களில் ஒரு பத்தி எழுதுங்கள்.