அணில் வகைகளும் அணில் வளர்ப்பும்

அணில், எலிக்கு உறவான கொறிக்கும் விலங்கு. ‘சியூரிடே’ என்று விலங்கியலார் பெயரிட்டுள்ள அணில் குடும்பத்தில் ஏறத்தாழ 280 இனங்கள் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவும் அண்டார்க்டிகாவும் தவிர மற்ற எல்லாக் கண்டங்களிலும் அவை இயற்கையாகவே வாழ்கின்றன. மேற்கு, மத்திய ஆப்பிரிக்கக் காடுகளில் உள்ள குள்ள அணிலின் எடை சுமார் 16 கிராம். அதே குடும்பத்தைச் சேர்ந்த மர்மோட், மலைப்புல்வெளிகளில் வளை தோண்டி வாழ்ந்து ஏழு கிலோவுக்கு மேலும் எடை போடும்.

அளவு எவ்வளவு மாறினாலும் சில உடற்கூறுகள் குடும்பம் முழுவதற்கும் பொது. முன்வாயில் மேலே இரண்டும் கீழே இரண்டுமாக உளி போன்ற வெட்டுப்பற்கள் இருக்கும். இவை வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால், கடினமான பொருளைக் கடித்துக் கடித்து அணில் அவற்றைத் தேய்த்தாக வேண்டும். கூண்டில் அடைபட்ட அணிலுக்குக் கொறிக்க எதுவும் கிடைக்காவிட்டால் பல் அளவுமீறி நீண்டு வாயைக் குத்தும். கடைசியில் தின்னவே முடியாமல் போகும். முன்னங்காலில் நான்கு விரல்கள், பின்னங்காலில் ஐந்து விரல்கள். மரத்தில் வாழும் அணில்கள் பின்பாதத்தைப் பின்பக்கமாகத் திருப்பி நகத்தைப் பட்டையில் கொளுவிக்கொள்ளும். தலைகீழாக அவ்வளவு வேகமாக மரத்திலிருந்து இறங்க அவற்றால் முடிவது இதனால்தான். வாலுக்கும் வேலைகள் பல: தாவும்போது சமநிலை தருவது, குளிரில் உடம்பைப் போர்த்துவது, ஆபத்து வரும்போது விசிறி மற்ற அணில்களை எச்சரிப்பது.

மூன்று வாழ்க்கை முறைகள்

வாழும் முறையை வைத்துப் பார்த்தால் அணில்களை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதல் வகை மர அணில்கள். வீட்டுத் தோட்டத்து அணிலும், ஐரோப்பாவின் செவ்வணிலும், வட அமெரிக்காவின் சாம்பல் அணிலும் இவ்வகை. இவை பகலில் நடமாடும். கிளைகளில் கூடு கட்டும் அல்லது மரப்பொந்தில் தங்கும். குளிர்நாட்டு மர அணில்கள் குளிர்காலம் முழுவதும் தூங்குவதில்லை. இலையுதிர் காலத்திலேயே கொட்டைகளை ஒவ்வொன்றாகத் தனித்தனி இடங்களில் புதைத்து வைத்து, பிறகு தோண்டித் தின்னும். எடுக்காமல் விட்ட கொட்டைகள் முளைத்து மரமாகின்றன. அங்கே ஓக் காடுகள் பரவுவதில் அணிலுக்கும் பங்கு உண்டு.

இரண்டாவது வகை தரை அணில்கள். மர்மோட்டும், வட அமெரிக்கப் புல்வெளிகளில் கூட்டமாக வாழும் பிரெய்ரி நாயும், கன்னத்துப் பையில் தானியத்தை அடைத்துச் செல்லும் சிப்மங்கும் இதில் அடங்கும். பெயரில் ‘நாய்’ இருந்தாலும் பிரெய்ரி நாய் அணில்தான். அதன் குரைப்பு போன்ற குரலால் வந்த பெயர் அது. தரை அணில்களில் பல, குளிர்கால உறக்கம் கொள்பவை. ஆர்க்டிக் தரை அணில் ஆண்டில் ஏழெட்டு மாதம் வளைக்குள் உறங்கும். அப்போது அதன் உடல் வெப்பம் உறைநிலைக்கும் கீழே, ஏறக்குறைய மைனஸ் மூன்று டிகிரி செல்சியஸ் வரை இறங்குவது பதிவாகியுள்ளது.

மூன்றாவது வகை பறக்கும் அணில்கள். உண்மையில் இவை பறப்பதில்லை, சறுக்குகின்றன. முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடையே விரியும் தோல்மடிப்பு காற்றில் இவற்றைத் தாங்கும். உயரமான மரத்திலிருந்து குதித்து, வாலால் திசை திருப்பி, அடுத்த மரத்தின் அடிப்பகுதியில் போய் ஒட்டிக்கொண்டு மறுபடி மேலேறும். இரவில் மட்டுமே வெளியே வருவதால் இவற்றுக்குக் கண்கள் பெரியவை. செல்லப்பிராணிக் கடைகளில் பறக்கும் அணில் என்று சொல்லி விற்கப்படும் சுகர் கிளைடர் அணிலே அல்ல. அது ஆஸ்திரேலியா, நியூகினி பகுதியைச் சேர்ந்தது. கங்காருவைப் போல வயிற்றுப் பையில் குட்டியை வளர்ப்பது.

தென்னாட்டு அணில்கள்

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வீடுகளைச் சுற்றி ஓடுவது முதுகில் மூன்று கோடு கொண்ட அணில். வட இந்திய நகரங்களில் அதிகம் தென்படுவது ஐந்து கோட்டு அணில்; அது வேறு இனம். தொல்காப்பிய மரபியல் அணிலை மூன்று வரிகளைச் சொல்லியே சுட்டுவதால், அந்நூல் அறிந்த அணில் இந்தத் தென்னாட்டு இனமே எனலாம். வளர்ந்த அணிலின் எடை சுமார் 100 கிராம். பழம், கொட்டை, விதை, பூ, பூச்சி எனக் கிடைப்பதைத் தின்னும். சில வேளைகளில் பறவை முட்டையையும் விடாது. தேங்காய் நார், பஞ்சு, புல், கந்தல் துணி எல்லாவற்றையும் சேர்த்துக் கூடு கட்டும். கரு ஐந்து வாரமளவு வளர்ந்து, ஓர் ஈற்றில் இரண்டு மூன்று குட்டிகள் பிறக்கும். பிறக்கும்போது குட்டிக்கு மயிரும் இல்லை, கண்ணும் திறந்திருக்காது. கூடு கலைந்தால் தாய் குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி வேறு கூட்டுக்குக் கொண்டுபோகும்.

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் கோட்டு அணில்களின் வேறு இரு இனங்கள் உண்டு. ஒன்று சற்றுப் பெரிய காட்டு அணில். மற்றொன்று சோலைக்காடுகளில் மறைந்து திரியும் மங்கல் நிறச் சிற்றணில். மலையோரக் கோக்கோ தோட்டங்களில் காய்களைத் துளைப்பதால் காட்டு அணிலை விவசாயிகள் விரும்புவதில்லை.

மலையணில்கள் இவற்றிலிருந்து முற்றிலும் மாறுபட்டவை. செம்பழுப்பும் கருமையும் வெளிர்மஞ்சளும் கலந்த மலபார் மலையணில், வாலையும் சேர்த்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் வரும். எடை இரண்டு கிலோவை நெருங்கும். ஒரே பாய்ச்சலில் ஆறு மீட்டர் இடைவெளியைத் தாண்டும். தரைக்கு வருவது அரிது. மகாராஷ்டிரத்தின் மாநில விலங்கு இதுதான். அங்குள்ள பீமாசங்கர் சரணாலயம் இதைக் காக்கவே 1985-இல் அமைக்கப்பட்டது. இதன் உறவான சாம்பல் நிற மலையணில், தென்னிந்தியாவின் சில காடுகளிலும் இலங்கையிலும் மட்டுமே வாழ்கிறது. அதற்காக 1988-இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் சுமார் 485 சதுர கிலோமீட்டர் பரப்பில் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2021-இல் அது மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது. மரத்துக்கு மரம் கிளைகள் தொட்டுக்கொண்டிருக்கும் காடுதான் மலையணிலின் நடைபாதை. இடையே மரங்கள் வெட்டப்பட்டால், அதன் உலகம் அந்த வெட்டோடு முடிந்துவிடும்.

பறக்கும் அணில்களில் இரண்டு இனங்கள் இப்பகுதியில் உள்ளன. பெரிய பறக்கும் அணில் பரவலாகக் காணப்படுவது. சிறியதான திருவிதாங்கூர் பறக்கும் அணில் பல பத்தாண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்து, 1989-இல் மறுபடி கண்டறியப்பட்டது.

செல்லப்பிராணியாக அணில்

மனிதர்கள் அணிலைக் கூண்டில் வளர்ப்பது புதிதல்ல. 1520-களில் ஹான்ஸ் ஹோல்பைன் வரைந்த ஓவியம் ஒன்றில், ஒரு சீமாட்டி சங்கிலி கட்டிய செவ்வணிலைக் கையில் வைத்திருக்கிறார். 1765-இல் அமெரிக்க ஓவியர் ஜான் சிங்கிள்டன் கோப்ளி தீட்டிய படத்தில், ஒரு சிறுவனின் கையில் பொற்சங்கிலியோடு பறக்கும் அணில் இருக்கிறது. பெஞ்சமின் பிராங்க்ளின் தம் நண்பரின் மகளுக்கு அமெரிக்காவிலிருந்து ஓர் அணிலை வரவழைத்துக் கொடுத்தார். 1772-இல் அது நாயிடம் சிக்கி இறந்தபோது அதற்கு இரங்கல் வாசகமும் எழுதினார்.

இன்று கூண்டில் பெருக்கி விற்கப்படும் இனங்கள் சிலவே. சைபீரியச் சிப்மங்க், அமெரிக்காவின் தென்பகுதிப் பறக்கும் அணில், பிரெய்ரி நாய் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் இவற்றை வளர்ப்பவர்கள் உயரமான கம்பிக் கூண்டும், ஏறக் கிளைகளும், ஒளிந்து தூங்க மரப்பெட்டியும், கொறிக்கக் கட்டையும் தருகிறார்கள். பறக்கும் அணில் பத்தாண்டுக்கு மேலும் வாழக்கூடியது. பகலெல்லாம் தூங்கி, வீட்டார் தூங்கும் நேரத்தில் விழித்து விளையாடும். உணவில் தவறுவது இன்னும் பெரிய சிக்கல். நிலக்கடலையும் சூரியகாந்தி விதையும் மட்டுமே கொடுத்தால் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து எலும்பு வலுவிழக்கும். பின்னங்கால் செயலிழந்து அணில் தவழத் தொடங்கும். வீட்டில் வளரும் அணில்கள் சாகும் முக்கியக் காரணங்களில் இதுவும் ஒன்று.

பழக்கத்தையும் பார்க்க வேண்டும். நாயும் பூனையும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதரோடு வாழ்ந்து குணம் மாறியவை. அணிலுக்கு அந்த வரலாறு இல்லை. குட்டியாக இருக்கும்போது தோளில் ஏறி விளையாடுவது, பருவம் எய்தியதும் கடிக்கவும் பிறாண்டவும் தொடங்கும். ஒரே இனத்து அணில்களிடையேகூட எல்லைச் சண்டை சகஜம்.

நோயும் ஊடுருவலும்

அணில் வளர்ப்பால் நேர்ந்த கேடுகளும் பதிவாகியுள்ளன. 2003-இல் ஆப்பிரிக்காவின் கானாவிலிருந்து இறக்குமதியான கொறிக்கும் விலங்குகளோடு ஒரே இடத்தில் வைக்கப்பட்ட பிரெய்ரி நாய்கள் குரங்கம்மைத் தொற்றுக்கு ஆளாயின. அவற்றைச் செல்லமாக வாங்கியவர்களிடமும் தொட்டவர்களிடமும் நோய் பரவி, அமெரிக்காவில் 47 பேர் பாதிக்கப்பட்டனர். ஜெர்மனியில் 2011-க்கும் 2013-க்கும் இடையே, மத்திய அமெரிக்க வண்ண அணில்களை வளர்த்த மூன்று பேர் மூளைக்காய்ச்சலால் இறந்தனர். காரணம், அந்த அணில்களிடமிருந்து தொற்றிய, அதுவரை அறியப்படாத போர்னா வகை வைரஸ் என்று பின்னர் தெரியவந்தது.

கூண்டிலிருந்து தப்பினாலோ விடுவிக்கப்பட்டாலோ வேறொரு சிக்கல். 1876 முதல் இங்கிலாந்தின் மாளிகைத் தோட்டங்களில் அழகுக்காக விடப்பட்ட அமெரிக்கச் சாம்பல் அணில், உணவுப் போட்டியாலும் அம்மைக் கிருமியாலும் உள்நாட்டுச் செவ்வணிலைப் பெரும்பாலான பகுதிகளிலிருந்து விரட்டிவிட்டது. பிரிட்டன் 1937-இலேயே சாம்பல் அணிலை இறக்குமதி செய்வதற்கும் வளர்ப்பதற்கும் தடை விதித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2016-இல் வெளியிட்ட ஊடுருவல் இனங்களின் முதல் பட்டியலில் சாம்பல் அணிலோடு சைபீரியச் சிப்மங்கும் இருந்தது. இந்திய அணிலும் இப்படிப் போய்ச் சேர்ந்ததுண்டு: 1898-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் விலங்குக்காட்சிச் சாலையிலிருந்து விடப்பட்ட வட இந்திய ஐந்து கோட்டு அணில்கள் அந்நகரில் பெருகின.

சட்டம் சொல்வது

இந்தியாவில் மலையணில்களும் பறக்கும் அணில்களும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளன. அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். மலையணில்களின் பன்னாட்டு வணிகமும் ‘சைட்ஸ்’ ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். நியூயார்க் மாநிலத்தில் ஒரு வீட்டில் ஏழாண்டு வளர்ந்து சமூக ஊடகத்தில் புகழ்பெற்ற ‘பீனட்’ என்ற சாம்பல் அணிலை, உரிமம் இல்லாததால் 2024 அக்டோபரில் அதிகாரிகள் கைப்பற்றினர். வெறிநோய்ச் சோதனைக்காக அது கொல்லப்பட்டது. சோதனையில் நோய் இல்லை என்றே முடிவு வந்தது.

கீழே விழுந்த குட்டி கிடைத்தால்

காற்றுமழைக்குப் பிறகும் மரம் வெட்டும்போதும் அணில் குட்டிகள் கீழே விழுவது வழக்கம். குட்டிக்குக் காயம் இல்லையென்றால் முதலில் தாயிடம் சேர்க்கவே முயல வேண்டும். துணி விரித்த சிறு பெட்டியில் வைத்து, பூனையும் காக்கையும் எட்டாத உயரத்தில் அதே மரத்தில் கட்டிவிட்டு, ஆட்கள் விலகி நின்றால் தாய் வந்து தூக்கிச் செல்ல வாய்ப்பு அதிகம். மனிதர் தொட்டுவிட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது தவறான நம்பிக்கை.

பொழுது சாயும்வரை தாய் வராவிட்டால் குட்டிக்கு முதலில் தேவை சூடு. பால் அதற்குப் பிறகுதான். குளிர்ந்த உடம்போடு குடித்த பால் செரிக்காது. பசும்பால் கொடுத்தால் வயிற்றுப்போக்கு ஏற்பட்டுக் குட்டி நீர் வற்றிப்போகும். பாலை வாயில் ஊற்றினாலோ பஞ்சில் நனைத்துப் பிழிந்தாலோ, அது மூச்சுக்குழலுக்குள் போய் நுரையீரலில் சளி கட்டும். மெல்லிய சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக, குட்டியைக் குப்புற வைத்தே புகட்ட வேண்டும். கண் திறக்காத குட்டிக்கு ஒவ்வொரு முறை பால் கொடுத்த பின்னும், ஈரப்பஞ்சால் அடிவயிற்றை வருடினால்தான் சிறுநீர் பிரியும். தாய் நக்கிச் செய்யும் வேலை அது. என்ன பால், எவ்வளவு என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டறிவது நல்லது. வனத்துறைக்கோ விலங்கு மீட்பு அமைப்புக்கோ தகவல் சொல்லிவிட்டால் குட்டி பிழைக்கும் வாய்ப்பு கூடும். ஓடியாடித் தானே கொட்டை உடைக்கத் தொடங்கிய பிறகு அதைக் கூண்டில் வைத்திருக்கக் காரணம் இல்லை. மரங்கள் உள்ள இடத்தில் விட்டுவிட வேண்டும்.

அணில் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்குக் கூண்டை விட எளிய வழி உண்டு. கொய்யா, சப்போட்டா, நாவல் போன்ற ஒரு மரமும், கோடையில் தட்டு நிறையத் தண்ணீரும் இருந்தால் போதும். அணில் தானே வரும். காயில் சிலவற்றை அது கடித்துப் போடும். அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.